தோல் தடிப்பைக் கண்டு நோய் என்று எழுதலாமா?

தாராவிப் பள்ளிகளின் ஆசிரியர்களும் வீடுதோறும் செல்லும் சுகாதாரப் பணியாளர்களும் நன்கறிந்த காட்சி ஒன்று உண்டு. குழந்தையின் முன்கையில் டியூபர்குலின் ஊசி போடப்படுகிறது. 48 முதல் 72 மணி நேரத்திற்குள் அளந்து பார்த்தால் 10 மில்லிமீட்டர் தடிப்பு. “குழந்தைக்குக் காசநோயா?” என்று தாய் கேட்கிறாள். ஆம் என்று சொல்லிவிடுவோர் உளர். அது பெருந்தவறு என்பதே என் கருத்து.

டியூபர்குலின் என்பது காசநோய்ப் பாக்டீரியாவினின்று எடுக்கப்படும் பல புரதங்களின் கலவை. அவற்றுட் பல அந்த ஒன்றுக்கே உரியன அல்ல. மண்ணிலும் நீரிலும் வாழ்ந்து, பெரும்பாலும் எவருக்கும் தீங்கிழைக்காத அதன் உறவினங்களிலும் அவற்றையொத்த புரதங்கள் அமைந்துள்ளன. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியின் வலுக்குன்றிய பாக்டீரியாவிலும் அவை உண்டு. உடலின் தற்காப்பு அணுக்கள் புரதத்தையே இனங்காண்கின்றன. அதனை ஏந்தி வந்தது எது என்பதைத் தடிப்பு தெரிவிப்பதில்லை.

இவ்வுறவு ஏட்டளவில் நின்ற செய்தியன்று. செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வில் இரண்டரை லட்சத்திற்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். பெரியோரின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை. அப்பகுதி மக்கள் தீங்கற்ற உறவினங்களுடன் முன்னரே பழகியிருந்தமை காரணமாகலாம் என அறிஞர் பலர் கருதினர்.

பி.சி.ஜி.யிலும் பெரும்பாலான தீங்கற்ற உறவினங்களிலும் இல்லாத இரு புரதங்களைக் கொண்டு செய்யும் புதிய தோற்சோதனைக்கு இந்தியாவில் 2022-ல் அனுமதி கிடைத்தது. குழப்பம் இதனால் வெகுவாகக் குறையும். எனினும் பாக்டீரியா உடலிற் புகுந்ததையே இதுவும் காட்டும். நோய் மூண்டதைக் காட்டாது.

மொழிபெயர்ப்பாளராகிய எங்களுக்கும் இதிற் பங்குண்டு. ‘பாக்டீரியா’ என்று வந்த இடமெல்லாம் ‘நோய்க்கிருமி’ என்றே நானும் பல்லாண்டு எழுதி வந்தேன். அச்சொல்லைப் படித்து வளர்ந்த மாணவன் எல்லாப் பாக்டீரியாவையும் பகையென்று கொள்வதில் வியப்பென்ன?

ஆகவே அத்தாயிடம், “காசநோய்ப் பாக்டீரியாவோ அதன் உறவினமோ குழந்தையின் உடலுக்குப் பழக்கமாகியிருக்கிறது, நோய் உண்டா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்” என்று கூறுக. தடிப்பைப் புறக்கணிக்கவும் கூடாது. மார்பு எக்ஸ்-ரே எடுக்கட்டும்; இருமல், காய்ச்சல், எடைக்குறைவு உண்டா என விசாரியுங்கள்; வீட்டில் நெடுநாள் இருமுவோர் இருந்தால் அவர் சளியையும் சோதிக்கச் செய்யுங்கள். அதுவரை குழந்தை வழக்கம்போல் வகுப்பில் அமரட்டும். பதிவேட்டில் தடிப்பின் அளவையும் தேதியையும் மட்டும் எழுதுங்கள்.