தோள் கொடுக்காத பெருமக்கள்

நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரத்தை நம்மில் பலர் பொறுமையோடு வாசித்திருக்கமாட்டோம். பெயர்களின் நீண்ட பட்டியல் அது. இடிந்து கிடந்த எருசலேம் மதிலின் எந்தப் பகுதியை யார் எடுத்துக் கட்டினார்கள் என்பதே அதன் செய்தி. தலைமைக் குரு கட்டினார், பொற்கொல்லர் கட்டினார், நறுமணத் தைலம் செய்வோர் கட்டினார், சல்லூம் என்பவர் தம் புதல்வியரோடு வந்து கட்டினார். பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள். இத்தனை பெயர்களின் நடுவே ஒரு வரி மட்டும் முள்ளாகத் தைக்கிறது. தெக்கோவா ஊரார் வேலை செய்தார்கள். அவ்வூர்ப் பெருமக்களோ அவ்வேலைக்குத் தோள் கொடுக்கவில்லை. அவர்கள் பணம் கொடுத்தார்களா என்பதை விவிலியம் சொல்லவில்லை. தாராளமாகவே கொடுத்திருக்கவும் கூடும். ஆயினும் அவர்களைப் பற்றிக் குறித்துவைக்கத் தகுந்ததாக விவிலிய ஆசிரியருக்குத் தோன்றியது அந்த ஒன்றுதான்.

நம் பங்குகளில் பொதுப்பணி என்ற பேச்சு எழுந்ததும் நாம் முதலில் தேடுவது எதனை? ரசீதுப் புத்தகத்தை. குழு அமைக்கிறோம்; தலைவர், செயலர், பொருளர் எனப் பதவிகளைப் பங்கிடுகிறோம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்புகிறோம். ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் பணியை ஒப்படைக்கிறோம். இறுதியில் சலவைக்கல் ஒன்றில் நன்கொடையாளர் பெயர்களைத் தொகை வாரியாகப் பொறித்துவிட்டு, இறைவனுக்கு நன்றி கூறிக் கலைகிறோம். மண்வெட்டியைத் தொட்டவர் யார்? அன்றாடக் கூலிக்கு வந்த, நம் பங்கைச் சேராத நால்வர். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

நிதி திரட்டுவது தவறென்று நாம் சொல்ல வரவில்லை. ஆலயக் காணிக்கைப் பெட்டியில் ஏழைக் கைம்பெண் இட்ட இரு காசுகளை ஆண்டவரே போற்றினார். ஆனால் அக்காசுகள் அவள் வாழ்வின் பகுதி. நம் நன்கொடையோ பல நேரங்களில் நம் வாழ்வைத் தொடாதிருக்க நாம் செலுத்தும் விலை. தோள் கொடுக்காமல் தப்பித்துக்கொள்ளத் தரப்படும் பணம் அறமாகாது என்பதே நம் வழக்கு. அதற்குச் சான்றாக, பயனற்றதெனக் கைவிடப்பட்ட கால்வாய்களை இங்கிலாந்து நாட்டுப் பொதுமக்கள் மீட்டெடுத்த வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம்.

தொழிற்புரட்சிக் காலத்தில் அந்நாடெங்கும் சரக்குப் படகுகளுக்காகக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. இருப்புப்பாதை வந்ததும் அவை நலிந்தன. பலவற்றை இருப்புப்பாதைக் குழுமங்களே விலைக்கு வாங்கின. வாங்கியபின் அவற்றைப் பேணுவதில் அவற்றுக்கு ஆர்வம் இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எஞ்சியவற்றையும் மூடிவிடுவதே சிக்கனம் என்ற எண்ணம் ஆட்சியாளரிடம் வலுத்தது. அதை எதிர்த்து 1946-ஆம் ஆண்டில் ராபர்ட் ஐக்மன், டாம் ரோல்ட் முதலியோர் உள்நாட்டு நீர்வழிகள் சங்கத்தைத் தொடங்கினர்.

ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயின் தென்பகுதி ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமுடையது. 1816-இல் திறக்கப்பட்ட அக்கால்வாயின் இப்பகுதி, 1950-களில் சேறும் புதரும் மண்டிக் கிடந்தது. படகுகளை மேடு பள்ளங்களில் ஏற்றி இறக்கும் மதகறைகளின் கதவுகள் உளுத்துப் போயிருந்தன. பாலம் ஒன்றைப் புதுப்பிக்கும் செலவை எண்ணிய மாவட்ட மன்றம், 1958-இல் கால்வாயையே சட்டப்படி கைவிட அனுமதி கேட்டது. முந்தைய மூன்று ஆண்டுகளில் எவரும் அதைப் பயன்படுத்தவில்லை என்பது அதன் வாதம். அவ்வாதத்தை உடைத்தது எது தெரியுமா? சிறு துடுப்புப் படகில் அவ்வழியே போனவர்கள் முறையாகப் பெற்று வைத்திருந்த கட்டணச் சீட்டு! பெருந்தொகை எதுவும் செய்ய முடியாததை, கால்வாயில் உண்மையாகவே இறங்கியவர்களின் ஒரு துண்டுக் காகிதம் செய்தது.

பின்னர் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனம் அக்கால்வாயைக் குத்தகைக்கு ஏற்றது. டேவிட் ஹட்சிங்ஸ் என்ற கட்டடக் கலைஞர் பணியை முன்னின்று நடத்தினார். 1961 முதல் 1964 வரை அந்தச் சேற்றில் இறங்கியவர்கள் யார்? வார இறுதிகளில் வந்த அலுவலகப் பணியாளர்கள், மாணவர்கள், படைவீரர்கள். அவர்களோடு பர்மிங்காமின் வின்சன் கிரீன் சிறைக் கைதிகள். கைதியும் கட்டடக் கலைஞரும் ஒரே சேற்றில் நின்ற அந்தக் காட்சியை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். சிறையிலிருந்தேன், என்னைத் தேடி வந்தீர்களா என்று இறுதித் தீர்ப்பில் கேட்கப்போகிறவரை வழிபடும் நாம், சிறைவாசி ஒருவரோடு சேர்ந்து ஒரு கூடை மண் சுமந்ததுண்டா? 1964-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அரசியின் அன்னையார் அக்கால்வாயை மீண்டும் திறந்துவைத்தார்.

பணம் வேண்டியிருக்கவில்லையா? வேண்டியிருந்தது. அரசு மானியமும் பொதுமக்கள் நன்கொடையும் அதற்கும் வந்தன. பணம் எப்போது வந்தது என்பதைக் காட்ட இன்னொரு கால்வாய் நமக்கு உதவும். லண்டன் திசையையும் பிரிஸ்டல் துறைமுகத் திசையையும் இணைக்கும் கென்னட்-ஏவன் கால்வாய், பொறியாளர் ஜான் ரென்னியின் திட்டப்படி 1810-இல் முற்றுப்பெற்றது. ஏறத்தாழ 140 கிலோமீட்டர் நீளம். டிவைசிஸ் என்னும் ஊரருகே மட்டும் அடுத்தடுத்து 29 மதகறைகள் உண்டு. 1950-களில் அதை மூட முயன்றபோது 20,000-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் 1956-இல் அரசியாருக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1962-இல் அறக்கட்டளை அமைந்தது. அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சேறு அள்ளுதல், செங்கல் அடுக்குதல், விற்பனை விழா, நன்கொடைத் தட்டு என்று பணி தொடர்ந்தது. பொறியாளர்களும், வேலையற்றோருக்கான அரசுத் திட்டத்தில் சேர்ந்தோரும் துணை நின்றனர். 1990-இல் இரண்டாம் எலிசபெத் அரசியார் அதைத் திறந்துவைத்தார். அப்போதும் நீர் போதவில்லை; கரை கசிந்தது. ஆகவே ஓயாமல் உழைத்தார்கள். 1996-இல்தான் பாரம்பரியச் சின்னங்களுக்கான தேசியப் பரிசுச்சீட்டு நிதியிலிருந்து இரண்டரைக் கோடி பவுண்டு கிடைத்தது.

பரிசுச்சீட்டுப் பணத்தை நாம் போற்றவில்லை. 2003-இல் தமிழகம் அதைத் தடைசெய்ததை வரவேற்றவர்கள் நாம். நாம் சுட்டுவது வரிசையை. அறக்கட்டளை தொடங்கி முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்தே அப்பெருந்தொகை வந்தது. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கியவர்கள் அல்லர் அவர்கள். ஆண்டாண்டாகச் சேற்றில் நின்றவர்கள் கேட்டதனால், கொடுப்பவர் மறுக்கமுடியவில்லை. உழைப்பு அவர்களுக்குக் கேட்கும் உரிமையைத் தந்தது. நாமோ முதலில் பணத்தைக் கேட்கிறோம். பணம் வந்தபின் உழைப்பதற்கு ஆளையும் பணத்துக்கே வாங்குகிறோம்.

1970-இல் தொடங்கிய நீர்வழி மீட்புக் குழு இன்றும் கோடையில் பணிமுகாம்கள் நடத்துகிறது. ஒரு வாரம் கால்வாயில் வேலை செய்ய வருகிறவர், தம் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் தாமே ஒரு சிறு தொகை கட்டுகிறார். ஊர்ப் பொதுக்கூடத்தின் தரையில் உறங்கி, காலையில் மண்வெட்டியை எடுக்கிறார். நாம் ஒரு மணி நேரம் ஆலய வளாகத்தைப் பெருக்கினால் பிரியாணிப் பொட்டலமும் புகைப்படமும் எதிர்பார்க்கிறோம் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நம்மிடையே எழும் மறுப்புகளை நாம் அறிவோம். முதலாவது: “வரி கட்டுகிறோம், வாய்க்காலைத் தூர்வாருவது அரசின் கடமை.” உண்மை. தொண்டர்களின் நல்லெண்ணத்தை அரசு தன் கடமையைக் கைகழுவச் சாக்காக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. இங்கிலாந்திலேயே 2012-இல் அரசுக் கால்வாய்களின் பொறுப்பு அறக்கட்டளை ஒன்றிடம் மாற்றப்பட்டது. 2027 முதல் அதற்கான மானியம் படிப்படியாகக் குறையும் என்று 2023-இல் அரசு அறிவித்தது. ஆகவே ஒரு கையில் மண்வெட்டி இருந்தால் மறு கையில் விண்ணப்பம் இருக்கவேண்டும். ஆனால் நம் நிலை என்ன? நம்மிடம் மண்வெட்டியும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. அரசின் கடமை என்று சொல்லிவிட்டு, அரசிடமும் நாம் கேட்பதில்லை.

இரண்டாவது: “அது வசதி படைத்தோர் உல்லாசப் படகு விடுவதற்கான வேலை.” அதிலும் உண்மை உண்டு. அங்கே மீட்கப்பட்ட கால்வாய்களில் இன்று பெரிதும் விடுமுறைப் படகுகளே செல்கின்றன. ஓய்வுக்கும் அழகுக்குமாகவே அவர்கள் முப்பது ஆண்டுகள் உழைத்தார்கள் என்றால், குடிக்கவும் பயிரிடவும் வெள்ளம் வடியவும் வாய்க்காலை நம்பியிருக்கும் நாம் எவ்வளவு உழைக்கவேண்டும்? 2015-இல் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது நம் இளையோர் இரவு பகல் பாராது உழைத்தனர். 2018-இல் கேரளம் மூழ்கியபோது கடலோர மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு விரைந்தனர். அந்த நெஞ்சுரம் நம்மிடம் உண்டு. வெள்ளம் வந்தால் உயிரைக் கொடுக்கும் நாம், வெள்ளம் வடியவேண்டிய வாய்க்காலுக்கு ஒரு சனிக்கிழமையைக் கொடுக்க மறுக்கிறோம்.

மூன்றாவது மறுப்பை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால்தான் அதைச் சொல்லியாகவேண்டும். சேறு அள்ளுவது “அவர்கள்” வேலை என்று நம் உள்மனம் கருதுகிறது. ஏரியையும் வாய்க்காலையும் ஊரார் கூடிச் செப்பனிடும் குடிமராமத்து என்ற நல்ல மரபு நமக்கு உண்டு. ஆனால் ஊர் கூடிய அவ்விடத்திலும் மண்ணைச் சுமந்த தோள்கள் எவருடையவை? 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அம்மரபுக்கு அரசின் தண்டனையையும் துணை சேர்த்தது. தாது வருடப் பஞ்சத்தில், 1877-78-இல், பட்டினியால் வாடியவர்கள் பிழைப்புக் கூலிக்காகச் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாயை வெட்டினார்கள். வெட்டியவர் பெயர் அதற்கு வைக்கப்படவில்லை. ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் வைக்கப்பட்டது. நம் சலவைக்கற்களின் மூதாதை அதுதான்.

தச்சரின் பணிமனையில் வளர்ந்தவரை ஆண்டவர் என்று அறிக்கையிடும் திருச்சபையில், கை அழுக்காகாமல் இருப்பது பெருமையாக நீடிக்கலாமா? ஒரே திருப்பந்தியில் அமர்கிறோம். ஒரே வாய்க்காலில் இறங்கத் தயங்குகிறோம். நன்கொடை என்ற வெள்ளைத் துணியால் இந்தத் தயக்கத்தை மூடிக்கொள்கிறோம். எல்லாரும் இறங்கினால்தான் அது தொண்டு. சிலரை இறக்கிவிட்டு நாம் கரையில் நின்றால் அது பழைய ஊழியமே. சாக்கடைக் கழிவில் எவரையும் இறக்கச் சொல்கிறோம் என்று யாரும் திரிக்கவேண்டாம். அது சட்டத்துக்கும் மனிதத்துக்கும் எதிரானது. நாம் பேசுவது, நம் ஊர்க் குளத்துக்கு நீர் கொண்டுவரும், தூர்ந்து கிடக்கும் வரத்துக்கால்வாயைப் பற்றி.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லௌதாத்தோ சீ’ மடலைக் குறித்து நாம் கருத்தரங்குகள் நடத்திவிட்டோம், பதாகைகளும் கட்டிவிட்டோம். வருகின்ற தவக்காலத்தில் ஒவ்வோர் அன்பியமும் நூறு மீட்டர் வாய்க்காலை ஏற்றுக்கொள்ளட்டும். உரிய துறையின் அனுமதியை முறைப்படி பெறுவோம். கரையை ஆக்கிரமித்தவர் நம்மவராயினும் அதைச் சொல்லி விண்ணப்பம் கொடுப்போம். பங்குப் பேரவை உறுப்பினர்கள் முதல் கூடையைச் சுமக்கட்டும். பிறசமய அண்டை வீட்டாரையும் அழைப்போம். வாய்க்காலுக்குச் சமயம் இல்லை. நிதி தேவைப்படும், இயந்திரத்துக்கும் டீசலுக்கும் அது வேண்டும். அதையும் திரட்டுவோம், ஆனால் மண்வெட்டி பிடித்த கையோடு சென்று திரட்டுவோம். உடல்நலம் குன்றியோரும் முதியோரும் நீங்கலாக, வேலைக்கு வராதவரிடம் ரசீது எழுதவேண்டாம். பணி முடிந்தபின் கல் நடவும் வேண்டாம்.

இது நடைமுறைக்கு ஒவ்வாது என்று சிலர் சொல்லக்கூடும். எருசலேமின் மதில் ஐம்பத்திரண்டு நாட்களில் எழுந்தது. தெக்கோவாவின் எளிய மக்கள் தங்கள் பகுதியை முடித்துவிட்டு இன்னொரு பகுதியையும் எடுத்துக் கட்டினார்கள் என்று அதே அதிகாரம் பின்னர் சொல்கிறது. அவ்வூர்ப் பெருமக்களுக்கும் அந்நூலில் ஓர் இடம் கிடைத்தது. அது எத்தகைய இடம் என்பதை, அடுத்த ரசீதுப் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்குமுன், நாம் ஒருமுறை வாசித்துப் பார்ப்போம்.