முறையும் முத்திரையும்

"திட்ட நிர்வாகத்தில் ஒரு சான்றிதழ் பெற்றால் உத்தியோகம் எளிதிற் கிடைக்குமாமே, அதற்குப் பணம் கட்டலாமா?" என்று இவ்வாண்டில் எம்மை நாடி வந்து வினவிய மாணவர் ஒருவர் இருவரல்லர். பழைய மாணவருட் சிலரும், தம் ஆபீசில் புதியதொரு நிர்வாக முறையைக் கைக்கொள்ளப் போகின்றனரென்றும், அதன் பொருட்டு அனைவரும் தேர்வெழுதுமாறு கட்டளை பிறந்துள்ளதென்றும் எழுதியிருக்கின்றனர். இவர்கட்குத் தனித்தனியே விடையிறுத்தலினும், நம் மலரின் வாயிலாக எம் கருத்தைப் பொதுவிற் கூறுதல் நலமெனக் கருதினோம். அதனைச் சுருங்கச் சொல்லின், முறை வேண்டும். வேண்டுவோர் முத்திரையும் பெறலாம். ஆயின் முத்திரையை முறையென்று மயங்குதல் கூடாது என்பதே.

திட்டம் என்று ஈண்டு யாம் கூறுவது, தொடக்கமும் முடிவும் உடையதாய், முன்பு இல்லாத ஒன்றை ஆக்கித் தருவதாய் உள்ள வினையை. வங்கியில் நாள்தோறும் பணம் வாங்கி வரவு வைத்தல் திட்டமன்று. அவ்வங்கிக்குப் புதியதொரு கிளை நிறுவுதல் திட்டமாம். இத்தகைய வினைகளை எண்ணிச் செய்தல் வேண்டுமென்பது நமக்குப் புதிய செய்தியன்று. தெரிந்து செயல்வகை, வினைசெயல்வகை என அதிகாரங்களே வகுத்தனர் வள்ளுவர். புதியது யாதெனின், அவ்வெண்ணத்தைப் பலரும் ஒருங்கே பின்பற்றத்தக்க படிகளாக வகுத்து, பொதுவான பெயர்களிட்டு, அதிலே தேர்வும் வைத்ததுதான்.

அவ்வாறு வகுக்கப்பட்டவற்றுள் பெயர் பெற்ற ஒன்றினை எடுத்துக் கொள்வோம். 1975-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சிம்பாக்ட் என்னும் கம்பெனியார் பிராம்ப்ட் என்றொரு முறையை உண்டாக்கினர். கணிப்பொறி வேலைகள் குறித்த காலத்தைக் கடந்தும் குறித்த பணத்தை விழுங்கியும் போவதைக் கண்ட பிரிட்டிஷ் அரசாங்கம், 1979-இல் அதன் திருத்திய வடிவைத் தன் கணிப்பொறித் திட்டங்களுக்கு ஏற்றுக்கொண்டது. அதினின்று 1989-இல் பிரின்ஸ் என்னும் முறை எழுந்தது. இளவரசர் எவரையும் குறித்ததன்று இப்பெயர். கட்டுப்பாடுடைய சூழலில் நிகழும் திட்டங்கள் என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே. 1996-இல் அது கணிப்பொறிக்கு மட்டுமன்றி எவ்வகைத் திட்டத்துக்கும் ஏற்றதாய் மாற்றப்பட்டுப் பிரின்ஸ்-2 எனப் பெயர் பெற்றது. அதன் ஏழாம் பதிப்பு 2023-இல் வெளிவந்தது.

இம்முறையின் அடிப்படைக் கொள்கைகள் ஏழு. திட்டம் நடக்கும் காலமெல்லாம் அதனைச் செய்வதற்குத் தக்க காரணம் இருந்துகொண்டே இருத்தல் வேண்டும். காரணம் ஒழிந்தால் திட்டமும் ஒழிய வேண்டும் என்பது முதலாவது. முந்திய அநுபவத்தினின்று கற்றல், அவரவர் பொறுப்பை வரையறுத்தல், கட்டங்கட்டமாகப் பகுத்து நடத்துதல், எல்லை மீறினால் மட்டும் மேலிடத்துக்கு அறிவித்தல், ஆக்கித்தர வேண்டிய பொருளின்மேற் கண்ணாயிருத்தல், திட்டத்தின் அளவுக்கேற்ப முறையைத் தைத்துக்கொள்ளுதல் என்பன எஞ்சிய ஆறு. இவற்றுள் ஒன்றேனும் மூளையைக் கசக்கிப் புரிந்துகொள்ள வேண்டியதன்று. ஆயினும், பாதிப் பணம் செலவழிந்த பின்னர், "இது வேண்டா, நிறுத்துவோம்" என்று சபை நடுவே கூறுவதற்கு எத்துணைத் துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். அறிதற்கு எளியதாயும் செய்தற்கு அரியதாயும் இருப்பதே இம்முறையின் இயல்பு.

இனித் தேர்வினை நோக்குவோம். பிரின்ஸ்-2 முறையின் முதற்படித் தேர்வில் 60 வினாக்கள். காலம் 60 நிமிடம். ஒவ்வொரு வினாவின் கீழும் தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இதனை எழுதுவோர் முன்னர் ஒரு திட்டத்தையேனும் நடத்தியிருக்க வேண்டுமென்னும் கட்டாயம் இல்லை. இரண்டாம் படித் தேர்வு, ஒரு திட்டத்தின் நிலைமையைக் கூறி, அங்கே முறையைப் பொருத்திக் காட்டச் சொல்வது. அதற்கு உரிய நூலைக் கையில் வைத்துக்கொள்ள அநுமதி உண்டு. அமெரிக்காவில் 1969-இல் தோன்றிய பிராஜெக்ட் மானேஜ்மெண்ட் இன்ஸ்டிட்யூட் என்னும் சங்கமோ, 1984 முதல் நடத்திவரும் பி.எம்.பி. தேர்வுக்கு வேறொரு வாயில் வைத்தது. பட்டம் பெற்றவரும் 36 மாதமேனும் திட்டங்களை நடத்திய அநுபவத்தைக் காட்டிய பின்னரே அத்தேர்வுக்குள் புகலாம். முன்னது சொற்களைக் கற்றுக்கொண்டு களத்துக்குச் செல்க என்கிறது. பின்னது களத்தைக் கண்டு வருக என்கிறது. இரண்டும் தக்கவையே. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, முதற்படித் தேர்வில் வென்றவனைக் களம் கண்டவனாக மதிப்பதே தவறு.

இத்தவறு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு லண்டன் நகரத்து ஆம்புலன்ஸ் சேவையின் சரித்திரம் சான்றாகும். 1990-க்குப் பின்னும் சில ஆண்டுகள் வரை அங்கே உதவி வேண்டி வரும் தொலைபேசி அழைப்பைக் கேட்பவர், அதனை ஒரு தாளில் எழுதி, படப்புத்தகத்தில் இடத்தைத் தேடிக் குறித்து, நகரும் பட்டை ஒன்றின்மேல் இடுவார். அங்கிருந்து அது வண்டிகளை ஏவுவோரிடம் சேரும். இதற்கு மாறாக, அழைப்பைப் பெறுவது முதல் வண்டியைத் தேர்ந்து ஏவுவது வரை யாவையும் கணிப்பொறியே செய்ய வேண்டுமென்று திட்டமிட்டனர். 1992-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாளுக்குள் முற்றும் முடிந்தாக வேண்டும் என்பது நெகிழாத நிபந்தனை. விலை குறைவாகச் சொன்ன குழுவினர்க்கு ஒப்பந்தம் கிடைத்தது. அக்குழுவில் நிரலி எழுதும் கம்பெனி சிறியது. இத்தகைய அவசர வேலையிற் பழக்கமில்லாதது.

இங்கே மாணவர் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. இத்திட்டத்தைப் பிரின்ஸ் முறைப்படி நடத்துவது என்று தொடக்கத்திலேயே பேசப்பட்டது. ஆம்புலன்ஸ் சேவையாருக்கும் அம்முறையிற் பழக்கமில்லை. நிரலிக் கம்பெனியாருக்கும் இல்லை. முறையின் பெயர் ஏட்டில் இருந்தது; நடைமுறையில் அதனைச் செவ்வனே பின்பற்றவில்லை. ஒப்பந்தக்காரருள் தலைவர் யாவர், அவர் பொறுப்பு யாது என்பதே தெளிவாக இல்லை. வண்டியோட்டிகளும் ஏவுவோரும் தம் கருத்தைப் போதிய அளவு சொல்ல இடமில்லை. குறித்த ஜனவரி நாள் கடந்தது. அக்டோபர் 26-ஆம் நாள், அறிந்த குறைகள் 81 தீராமலிருக்கவே, புதிய ஏற்பாடு முழுவதும் நடப்புக்கு வந்தது.

வண்டிகள் எங்குள்ளன என்பதைக் கணிப்பொறி சரியாக அறியவில்லை. ஓரிடத்துக்கு இரண்டு வண்டிகள் சென்றன. மற்றோரிடத்துக்கு ஒன்றும் செல்லவில்லை. எச்சரிக்கைச் செய்திகள் திரையில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மறைந்தன. உதவி வராதது கண்டு மக்கள் மீண்டும் மீண்டும் அழைக்க, நெருக்கடி இரட்டித்தது. மறுநாளே பழைய வழக்கத்துக்குப் பெரும்பாலும் திரும்ப வேண்டியதாயிற்று. நவம்பர் 4-ஆம் நாள் கணிப்பொறி அறவே நின்றுபோயிற்று. வேண்டாத நினைவிடத்தை விடாமற் பற்றிக்கொண்டிருந்த சிறியதொரு நிரலித் துண்டே அதற்குக் காரணம். சேவையின் தலைமை அதிகாரி பதவி துறந்தார். 1993-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை இவற்றையெல்லாம் விரித்துரைக்கின்றது.

முறை பொய்த்ததோ? அன்று. முறை வாழவே இல்லை. ஏழு கொள்கைகளுள் இரண்டை மட்டும் மெய்யாகக் கைக்கொண்டிருந்தாலும், ஜனவரியிலோ அக்டோபரிலோ ஒருவர் எழுந்து, "எல்லை மீறிவிட்டது, மேலே செல்லலாமா என்று முடிவு செய்யுங்கள்" என்று கூறியிருப்பார், அதனைக் கேட்டு விடை கூறக் கடமைப்பட்ட ஒருவரும் இருந்திருப்பார். இதற்கு மறுதலையான காட்சியையும் அதே சேவையிற் காணலாம். அடுத்த முயற்சியில் அவசரம் காட்டாமல், பணியாளரைக் கலந்துகொண்டு, சிறிது சிறிதாக ஆக்கிச் சோதித்துப் பழக்கி, 1996-ஆம் ஆண்டு ஜனவரியில் புதிய ஏற்பாட்டை நடப்புக்குக் கொணர்ந்தனர், அது நிலைத்தது. நகரமும் அதுவே, நோயாளரும் அவர்களே. மாறியது செய்வினையின் ஒழுங்கு.

ஆதலின் ஒரு முறையைக் கைக்கொள்ளக் கருதும் நிறுவனத்தார்க்கு யாம் கூறுவது இது: தேர்வுக்கு இளையோரை அனுப்புமுன், தலைவர்கள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்வாராக. கெட்ட செய்தி கொணர்பவனைச் சினவாது கேட்பேன், பயனற்ற திட்டத்தை நான் தொடங்கியதே ஆயினும் நிறுத்துவேன் என்று அவர் உறுதி கூறாவிடில், கீழுள்ளோர் நூறு பேர் சான்றிதழ் பெற்றாலும் பயனில்லை. நிறுத்தும் அதிகாரம் மேலிடத்தில் இருக்க, நிறுத்தக் கற்கும் பாடம் மட்டும் கீழிடத்தில் நடத்தப்படுமானால், அது வீண் செலவேயாம்.

"முறை என்றால் தாள் நிரப்புதல்தானே, வேலை செய்வதற்கு நேரமேது?" என்பார் உளர். இக்குறை கற்பனையன்று, வாரந்தோறும் எவரும் படியாத அறிக்கைகளை எழுதிக் களைத்தோரை யாமும் அறிவோம். ஆயினும் ஏழாவது கொள்கை யாது? அளவுக்கேற்பத் தைத்துக்கொள்க என்பதன்றோ? குழந்தைக்குப் பெரியவரின் சட்டையை இட்டுவிட்டு, துணியைக் குறை கூறுதல் நியாயமாகாது.

"உத்தியோகம் தருவோர் சான்றிதழைத்தானே கேட்கின்றனர், ஏழை மாணவன் என் செய்வான்?" என்பார் பிறர். இவ்வினா எம் நெஞ்சைத் தொடுவது. சான்றிதழால் ஒரு நன்மை உண்டென்பதை மறுக்கமாட்டோம். வெவ்வேறு ஊரினரும் வெவ்வேறு மொழியினரும் ஒரே வேலையிற் கூடும்போது, ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் கொள்வது பேருதவி. தேர்வு அப்பொது மொழியைக் கற்பிக்கின்றது. ஆயின் இலக்கணம் கற்றவன் புலவனாகி விட்டதாக எண்ணிக்கொள்ளலாகாது. அன்றியும், இரண்டாம் படிச் சான்றிதழை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கும் பணம் உண்டு. தந்தையார் கடன் வாங்கித் தரும் பணமாயின், அதனைச் செலவிடுமுன் ஒரு முறைக்கு இருமுறை எண்ணுதல் மகனின் கடமை. ஏட்டுச் சுரைக்காயை விலை கொடுத்து வாங்குவோன், அதன் விலையையேனும் அறிந்து வாங்குதல் வேண்டும்.

பிறரைக் கூறும் யாம் எம் குறையையும் மறைத்தல் தகாது. முன்னோராண்டில் நம் மலர் மூன்று திங்கள் தாழ்த்து வெளிவந்ததைப் பலர் மறந்திருக்கமாட்டீர். அச்சுக்கூடத்தார்மேற் பழி போட்டோம். உண்மை வேறு. பிழை திருத்துவது யார் பொறுப்பு என்று நாங்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆசிரியர் மாணவக் காரியதரிசி பார்ப்பாரென்றும், காரியதரிசி ஆசிரியர் பார்ப்பாரென்றும் இருந்தோம். அச்சடித்த தாள்கள் ஒரு மேசையறையில் உறங்கின. இறுதியாண்டு மாணவர் சிலர் தம் எழுத்தை அச்சிற் காணாமலே கல்லூரியை விட்டுச் சென்றனர். அதன் பின்னர் ஒரே ஒரு தாளில் வேலை, பொறுப்பாளர், நாள், நாள் தவறினால் யாரிடம் அறிவிப்பது என நான்கு பத்திகள் கட்டி எழுதிச் சுவரில் ஒட்டினோம். எங்களுள் ஒருவரும் எத்தேர்வும் எழுதியதில்லை. மலரோ குறித்த நாளில் வருகின்றது.

மாணவ நண்பர்களே, உங்கட்கு யாம் சொல்லும் வழி இதுவே. தமிழ்ச் சங்க விழாவோ, விளையாட்டுப் போட்டியோ, விடுதி நாளோ, இவ்வாண்டு ஏதேனும் ஒன்றனை ஏற்று நடத்துங்கள். தொடங்குமுன், ஏன் செய்கிறோம், யார் எதற்குப் பொறுப்பு, எவ்வளவு பணம், எந்நிலை வந்தால் நிறுத்துவது என்று ஒரு தாளில் எழுதுங்கள். முடிந்த பின்னர், எங்கே தவறினோம் என்று மற்றொரு தாளில் ஒளிவுமறைவின்றி எழுதி, அடுத்த ஆண்டுக் காரியதரிசியின் கையிற் கொடுங்கள். இரண்டு தாள்களும் உங்களிடம் இருக்குமாயின், பின்னர்த் தேர்வெழுதச் செல்லுங்கள். அப்பொழுது அந்நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் நீங்கள் பட்ட பாடு உங்களை நோக்கி நகைக்கும். நீங்கள் பெறும் சான்றிதழும் நீங்கள் அறிந்ததையே சான்று கூறும்.