மென்பொருள் இருக்க, படிப்பு எதற்காம்?

கணக்கையெல்லாம் மென்பொருளே போட்டுவிடுகிறதே, அறிவியல் கணிப்பியலில் முதுகலை படிக்க இரண்டு வருடம் எதற்கு என்கிறார்கள். நார்வேக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

1991 ஆகஸ்ட் 23. ஸ்டாவாங்கர் அருகே, ஸ்லெய்ப்னர் ஏ எரிவாயு மேடையின் கான்கிரீட் அடித்தளத்தைச் சோதனைக்காகக் கடலில் அமிழ்த்தினார்கள். சுவர் உடைந்து நீர் புகுந்து, மொத்தமும் மூழ்கியது. இழப்பு சுமார் 70 கோடி டாலர். கணக்குப் போட்டது நாஸ்ட்ரான், உலகமே நம்பிய மென்பொருள். கொடுத்ததை அது ஒழுங்காகத்தான் போட்டது. சுவர்கள் கூடும் இடத்தை நுணுக்கமாகப் பிரிக்காமல், பெரிய பெரிய கண்ணிகளாகப் பிரித்துக் கொடுத்தது மனிதர்கள். விளைவு, வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாக வந்தது; சுவர் மெலிந்துபோனது. பிறகு நிதானமாகக் கணக்கிட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்தது 65இல்!

கண்ணியை எவ்வளவு நெருக்கினால் விடை நிலைகொள்ளும், பிழை எங்கே பெருகும் என்பதைத்தான் அந்த வகுப்புகள் சொல்லித்தருகின்றன. வெறும் நிரல் எழுதக் கற்றுத்தந்துவிட்டு இதே பெயரில் பட்டம் விற்பவர்களும் உண்டு. அவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். சேரப் போகிறவர்களே, பாடத்திட்டத்தில் எண்சார் பகுப்பாய்வுக்கு எத்தனை தாள் என்று முதலில் பாருங்கள்.