தோளில் ஒரு பையும் நான்கு நாட்களும்



பயணக் கதைகளுக்கான பக்கம் இதுவல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இம்முறை ஒரு பயணத்தைப் பற்றியே எழுதப்போகிறேன்.

2024 ஒக்டோபரில் சமூகப் பணியாளர்களுக்கான பயிற்சி ஒன்றுக்காக வட இத்தாலிக்குச் சென்றிருந்தேன். பயிற்சி முடிந்த பின்னர் விசாவில் நான்கு நாட்கள் மிஞ்சியிருந்தன. கையிலிருந்த காசு ஹோட்டலுக்குக் காணாது. ஆகவே முதுகில் கொழுவும் பை ஒன்றில் இரண்டு சோடி உடுப்பு, ஒரு சால்வை, தண்ணீர்ப் போத்தல், கொஞ்சம் பிஸ்கற் ஆகியவற்றைப் போட்டுக்கொண்டு தனியே வெனிஸ் நகரத்துக்குப் புறப்பட்டேன்.

இங்கிருந்து போகுமுன் எங்கள் தையல் குழுவில் இந்த எண்ணத்தைச் சொன்னபோது ஓர் அக்கா சிரித்தார். "நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தது காணாதே பிள்ளை? இனிக் காசு குடுத்தும் நடக்கவேணுமோ?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு விமானத்திலும் வந்தது. மேற்கு நாடுகளில் இளம் பிள்ளைகள் தோளில் பையோடு மலிவாக ஊர் சுற்றுவது ஒரு வழக்கம். நமக்குத் தோளில் பை என்றால் அர்த்தமே வேறு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு எனக்கு எட்டு வயது. என் பள்ளிக்கூடப் பைக்குள் புத்தகங்களை எடுத்துவிட்டு அம்மா அரிசியும் பத்திரங்களும் வைத்தார். மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எத்தனை மணித்தியாலம் சென்றது என்று இன்றைக்கும் வீட்டில் ஒருவருக்கொருவர் வேறு வேறு கணக்குச் சொல்வோம்.

வெனிசுக்குள் தங்குவது பெரும் செலவு. ஆகையால் கடலுக்கு இக்கரையிலுள்ள மெஸ்த்ரே என்ற இடத்தில், பெண்கள் மட்டும் தங்கும் ஆறு கட்டில் அறையொன்றில் ஓர் இடம் எடுத்தேன். முன்பின் தெரியாத ஐந்து பேருக்கு நடுவே படுப்பது முதல் இரவு கஷ்டமாகத்தான் இருந்தது. கடவுச்சீட்டைத் தலையணைக்குள் வைத்தேன். பிறகு நினைத்துப் பார்த்தால், முகாமில் இதைவிட நெருக்கமாகப் படுத்தவள்தானே நான்!

காலையில் ரெயில் ஏறினால் பத்து நிமிடத்தில் கடலுக்கு மேலான நீண்ட பாலத்தைக் கடந்து வெனிசில் இறக்கிவிடும். நிலைய வாசலுக்கு வந்தவுடன் முன்னால் றோட்டைத் தேடினேன். றோட்டு இல்லை, பெரிய கால்வாய்தான் இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளை நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள் இணைக்கின்றன. சேற்றுக்குள் அடித்திறக்கிய மரக்குற்றிகளின் மேல் கட்டிடங்கள் நிற்கின்றன. காரும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை. அம்புலன்ஸ், குப்பை அள்ளுவது, சாமான் இறக்குவது எல்லாம் வள்ளத்தில்தான். வயதான பெண்கள் சில்லுப் பூட்டிய சந்தைப் பையைப் பாலத்துக்குப் பாலம் படிப்படியாய் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அழகைப் பற்றி எழுதியவர்கள் பலர். இந்த முழங்கால் வலியைப் பற்றி எழுதியவர்களை நான் காணவில்லை.

செலவு விபரமும் சொல்லவேண்டும், ஏனெனில் திரும்பி வந்ததும் எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான். பயணிகள் வள்ளத்தில் ஒரு தடவை ஏற ஒன்பதரை யூரோ. அன்றைய மதிப்பில் மூவாயிரம் ரூபா அளவில் வரும். ஆகவே நடந்தேன். பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்க மட்டும் இரண்டு யூரோ கொடுத்து, ஊர்ச் சனம் ஏறும் கடத்துத் தோணியில் ஏறலாம். தெருக் குழாய்களில் நல்ல தண்ணீர் சும்மா வருகிறது. பொது மலசலகூடத்துக்கு ஒன்றரை யூரோ. கோப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, இருந்து குடித்தால் இன்னொரு விலை. பெரிய சதுக்கத்தின் படிகளில் சும்மா குந்தியிருக்கவும் கூடாதாம், குற்றப்பணம் அறவிடுவார்களாம்.

முதல்நாள் பின்னேரம் றியால்ற்றோ பாலத்தில் ஏறினேன். உல்லாசப் பயணிகள் நெருங்கி நின்றார்கள். முன்னாலும் போகமுடியவில்லை, பின்னாலும் வரமுடியவில்லை. முன்னால் போனவரின் பை என் நெஞ்சில் இடித்தது. திடீரென்று என் கை பக்கத்தில் அம்மாவின் கையைத் தேடியது. வியர்த்துவிட்டது. கைபிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் ஒரு சிறுமி ஐஸ்கிறீம் தின்றுகொண்டிருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டு நின்று, மூச்சுச் சரியான பிறகு இறங்கினேன். உளசமூகப் பயிற்சிகளில் இதை மற்றவர்களுக்கு விளக்கியவள் நான். எனக்கு வராது என்று எப்படி நினைத்தேனோ தெரியாது.

அந்தப் பாலத்துக்குக் கிட்ட ஒரு மருந்துக்கடையின் கண்ணாடிக்குள் மின்னும் இலக்கப் பலகை ஒன்று இருக்கிறது. பழைய நகரத்தில் இப்போது வசிக்கும் மக்களின் தொகையை அது காட்டுகிறது. நான் பார்த்தபோது நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். 1950களின் தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ 175,000 பேர் இருந்தார்கள். குண்டு விழுந்து அவர்கள் போகவில்லை. வீடுகள் பயணிகளின் தங்குமிடங்களாகின, வாடகை ஏறியது, நாளாந்தச் சாமான் விற்கும் கடைகள் முகமூடி விற்கும் கடைகளாக மாறின. 1966இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகும் பலர் வெளியேறினார்கள். இடப்பெயர்வு என்ற சொல்லை நாம் யுத்தத்தோடு மட்டும் சேர்த்துப் பழகிவிட்டோம். என்றாலும் இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன். வாடகை ஏறினால் சாமானை ஏற்றிக்கொண்டு போக ஒரு நாளாவது கிடைக்கும்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. தண்ணீரைப் பார்த்துக் களைத்து, மலையொன்று பார்க்கலாம் என்று அஸோலோ என்ற சிறிய ஊருக்குப் போனேன். திரெவிசோ வரை ரெயில், அங்கிருந்து பஸ். மலையடியில் இறங்கி ஏறி நடந்தேன். ஒலிவ் மரங்கள், கல் வீடுகள், உச்சியில் ஒரு பழைய கோட்டை. கோட்டையிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் சமவெளி, மறுபக்கம் கிறாப்பா மலை. முதலாம் உலகப் போரில் 1917, 1918ஆம் ஆண்டுகளில் அந்த மலையில் கடும் சண்டை நடந்தது. இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட இரு தரப்புப் படையினரின் எச்சங்களை ஒரே நினைவாலயத்தில் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானோருக்குப் பெயர் இல்லை. இதற்கு மேல் அந்த மலையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்த ஊரில் என்னை நிறுத்தி வைத்தவள் ஓர் அரசி. கத்தரீனா கொர்னாரோ என்று பெயர். 1454இல் வெனிசில் ஒரு செல்வக் குடும்பத்தில் பிறந்தவள். பதினான்கு வயதில் சைப்பிரஸ் தீவின் அரசனுக்கு அவளை நிச்சயித்தார்கள். மாப்பிள்ளை நேரில் வரவில்லை. வெனிஸ் அரசு அவளைத் தன் மகளாகத் தத்தெடுத்தது. இது பாசத்தால் அல்ல. மகளுடையது நாளை தகப்பனுக்கு வரும் என்ற கணக்கு. 1472இல் தீவுக்குப் போனாள். மறு ஆண்டே கணவன் இறந்தான். அப்போது அவள் கர்ப்பிணி. பிறந்த ஆண்குழந்தையும் ஒரு வயதளவில் இறந்துபோனது. அதன்பின் பதினைந்து ஆண்டுகள் பெயருக்கு அரசியாக இருந்தாள். அதிகாரம் வெனிசின் ஆலோசகர்களிடம் இருந்தது. 1489இல், சொந்தச் சகோதரனையே தூது அனுப்பி, தீவை வெனிசிடம் ஒப்படைக்க வைத்தார்கள். பதிலாக இந்தச் சிறிய மலையூரைக் கொடுத்தார்கள். அரசி என்ற பட்டத்தை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள்.

ஒரு தீவுக்குப் பதில் ஒரு மலை. சமூகவியல் படித்தபோது திருமணம் ஒரு சமூக நிறுவனம் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேன். அவளுடைய மாளிகையில் மிஞ்சி நிற்கும் கோபுரத்தின் கீழ் நின்றபோதுதான் அந்த வசனத்தின் பாரம் விளங்கியது. புத்தகங்கள் அவளுடைய அஸோலோ வாழ்க்கையைப் பாட்டும் புலவரும் நிறைந்த காலம் என்று புகழ்கின்றன. இருக்கலாம். 1509இல் யுத்தம் அந்த ஊரையும் நெருங்க, வெனிசுக்கு ஓடினாள். அடுத்த ஆண்டு அங்கேயே இறந்தாள். கொடுத்த நட்டஈட்டிலும் நிம்மதியாக இருக்க விடவில்லை.

அதே ஊரின் மயானத்தில் பிரெயா ஸ்ராக் என்ற பெண்ணும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1930களில் ஈரானின் மலைகளுக்குள் தனியே பயணம் செய்து எழுதியவர். 1993இல் நூறாவது வயதில் இங்கே இறந்தார். அவரும் பையைத் தூக்கி நடந்தவர்தான், ஆனால் தன் விருப்பத்துக்கு.

கடைசி நாள் வெனிசில் சான் சல்வதோர் தேவாலயத்துக்குப் போனேன். அந்த மருந்துக்கடைக்குக் கிட்டத்தான். கத்தரீனாவின் கல்லறை அங்கே இருக்கிறது. அதன் மேல் ஒரு சிற்பம். அதில் அவள் தன் முடியைக் கழற்றி வெனிசின் தலைவரிடம் கொடுக்கிறாள். பிள்ளையைப் பறிகொடுத்ததையோ, ஊரைவிட்டு ஓடிவந்ததையோ செதுக்கவில்லை. கொடுத்ததை மட்டும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இன்றும் செப்டெம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை வெனிஸ் வரவேற்ற நாளை வள்ள ஊர்வலமாகக் கொண்டாடுகிறார்கள். தேவாலயத்துக்குள் பையை முதுகிலிருந்து இறக்கி வைத்து நெடுநேரம் இருந்தேன்.

திரும்பி வந்து தையல் குழுவில் படங்களைக் காட்டினேன். செலவு, மலசலகூடம், ஆறு பேர் படுத்த அறை பற்றியெல்லாம் நிறையக் கேள்விகள். பாலத்தில் நடந்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு அந்தக் கல்லறைப் படத்தைக் கையில் வைத்திருந்த அக்கா, "தானாய் விரும்பிக் குடுத்த மாதிரி எல்லோ செய்து வைச்சிருக்கினம். கையெழுத்தும் வேண்டியிருப்பினம்" என்றார். அவருடைய காணிக் கடிதங்களை நான்தான் எழுதிக் கொடுப்பது வழக்கம். ஆகவே அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று கேட்கவில்லை.

போகும்போது பையைத் தூக்கிப் பார்த்தார். மகளுக்குக் கிழக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறதாம், பதிவுக்குத் தாயும் மகளுமாய் மட்டக்களப்புக்குப் போகவேண்டுமாம். இரண்டு நாளைக்குத் தரமுடியுமா என்று கேட்டார். வாரில் ஒரு தையல் விட்டிருந்தது. அவரே இயந்திரத்தில் வைத்துத் தைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.