நிலக்கரியைக் கழுவுவது இருக்கட்டும், காயவைப்பது எப்படி?

இந்தியாவில் நிலக்கரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரும்பு உருக்கத் தேவைப்படும் கோக்கிங் நிலக்கரி மட்டும் ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது; அதில் ஆஸ்திரேலியாவின் பங்கு பெரியது. ஜார்க்கண்டின் ஜாரியாவில் இதே ரகம் மண்ணுக்கடியில் கிடக்கிறதே, அப்புறம் ஏன் இறக்குமதி? உள்நாட்டு உற்பத்தியை 2030-க்குள் 14 கோடி டன்னாக உயர்த்துவோம் என்கிறது மத்திய அரசு. அது மட்டும் போதுமா?

போதாது. தோண்டி எடுப்பது பாதி வேலைதான்.

கழுவுவது என்றால் என்ன?

அழுக்குப் போகத் தேய்ப்பதல்ல; கரியையும் கல்லையும் பிரிப்பது. ஜாரியா கரியில் சாம்பல் 25 முதல் 35 சதவீதம் வரை, சில இடங்களில் அதற்கு மேலும் இருக்கிறது. உருக்காலைகள் கேட்பது 18 சதவீதத்துக்குள். விதைநெல்லை உப்புக் கரைசலில் போட்டுப் பதரை நீக்குவோமே, அதே கணக்குதான். 'வாஷரி' எனப்படும் கழுவும் ஆலையில் உப்புக்குப் பதில் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுத் தூளைத் தண்ணீரில் கலக்கிறார்கள். கல் மூழ்கும், கரி மிதக்கும். ஒரே வித்தியாசம், இங்கே மிதப்பதுதான் சரக்கு.

சிக்கல் எங்கே?

நம் நிலக்கரியில் மண் தனியாக ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, உள்ளேயே கலந்து கிடக்கிறது. பிரிக்க வேண்டுமானால் பொடியாக நொறுக்கியாக வேண்டும். அரை மில்லிமீட்டருக்கும் கீழே போய்விட்டால் மிதக்கவிடும் வித்தை எடுபடாது. அப்போது கைகொடுப்பது நுரை. தொட்டியில் கொஞ்சம் டீசல் போன்ற எண்ணெயும் நுரை தரும் ரசாயனமும் சேர்த்துக் காற்றை ஊதுவார்கள். தண்ணீரை விரும்பாத கரித்துகள் குமிழியில் ஒட்டி மேலே வரும். களிமண் கீழேயே தங்கிவிடும். மேலே வந்த நுரையை வழித்தெடுத்தால் நல்ல கரி.

ஆனால் அது சொட்டச் சொட்ட நனைந்த கரி. ஆலையின் உண்மையான தலைவலி இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு செ.மீ. கரித்துண்டை 0.1 மி.மீ. துகள்களாக உடைத்தால் அதன் மேற்பரப்பு 100 மடங்காகும். அந்தப் பரப்பு முழுக்கத் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். கட்டிக் கரியை அதிரும் சல்லடையில் விட்டால் தண்ணீர் வடிந்துவிடும். பொடி அப்படி வடியாது. துணி வழியே காற்றை உறிஞ்சும் வெற்றிட வடிகட்டியில் போட்டாலும் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் மிஞ்சுவது சாதாரணம். அதாவது 100 டன் ஏற்றினால் 20 டன் தண்ணீருக்கும் ரயில் கட்டணம் கட்டுகிறோம்! போதாக்குறைக்கு, கோக் அடுப்பில் அந்த நீரை ஆவியாக்க ஒரு கிலோவுக்குச் சுமார் 2,260 கிலோஜூல் வெப்பம் வீணாகும்.

வாஷிங் மெஷின் டிரையர் போலச் சுழலும் மையவிலக்கு இயந்திரம் ஈரத்தை நன்றாகவே குறைக்கும். ஆனால் மிக நுண்ணிய கரி தண்ணீரோடு வெளியே ஓடிவிடும். தகடுகளுக்கு நடுவே துணி வைத்து அழுத்திப் பிழியும் ஃபில்டர் பிரஸ் அதையும் பிடித்துவிடும். விலைதான் அதிகம். வேலையும் ஒவ்வொரு ஈடாகத்தான் நடக்கும்.

பிழியாவிட்டால் என்ன ஆகும்?

மிச்சக் குழம்பு குளத்துக்குப் போகும். தாமோதர் நதிக்கரையின் பழைய வாஷரிகளிலிருந்து கரித்தூள் ஆற்றில் கலந்ததும், கரையோர மக்கள் அதை அள்ளி விற்றுப் பிழைத்ததும் ஊரறிந்த சங்கதி. 1972-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ க்ரீக் என்ற இடத்தில் இப்படிப்பட்ட கழிவுக்குளத்தின் அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சாம்பல் 34 சதவீதத்துக்கு மேலுள்ள கரியை 500 கி.மீ.க்கு அப்பால் உள்ள அனல் மின் நிலையங்களுக்கு அனுப்பக் கூடாது என்ற கட்டுப்பாட்டை 2020 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தளர்த்தியது. கழுவினால் மாசு ஒழிவதில்லை, வாஷரி இருக்கும் ஊருக்கு இடம் மாறுகிறது என்பது ஒரு காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கழுவாத கரியின் சாம்பல், ஒடிசாவின் தால்ச்சேரிலிருந்து கரி வாங்கும் தமிழ்நாட்டு மின் நிலையங்களின் வாசலுக்குத்தானே வந்து சேரும்?

புதிய வாஷரி அறிவிப்புகளில் எத்தனை லட்சம் டன் கழுவப்படும் என்பது தலைப்புச் செய்தியாகிறது. பொடிக்கரியை எந்த இயந்திரம் பிழியும், மிச்சக் குழம்பு எங்கே போகும் என்பது டெண்டர் இணைப்பில் எங்கோ ஒரு பக்கத்தில் இருக்கும். ஜாரியாவைப் பொறுத்தவரை முதலில் புரட்டிப் பார்க்க வேண்டிய பக்கம் அதுதான்.