பன்றியை விரட்டினால் வலிப்பு நின்றுவிடுமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். முட்டைக்கோஸும் கொத்தமல்லியும் பயிரிடும் குடும்பம். வீட்டில் யாரும் கறி சாப்பிடுவதில்லை. அண்ணன் மகனுக்கு 12 வயது. மூன்று மாதத்துக்கு முன் பள்ளியில் வலிப்பு வந்து விழுந்துவிட்டான். ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், மூளையில் பன்றி நாடாப்புழுவின் கட்டி இருப்பதாகச் சொன்னார். ஊர் ஓரத்தில் ஒரு குடும்பம் பன்றி வளர்க்கிறது. அவர்கள் ஒரு மாதத்துக்குள் பன்றிகளோடு காலி செய்ய வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்கள். பன்றியை விரட்டினால் நோய் நிற்குமா, முட்டைக்கோஸால்தான் வந்தது என்று சிலர் சொல்வது உண்மையா என்று அவர் கேட்கிறார்.

முதலில் பையனைப் பற்றி. மூளையில் உள்ள கட்டி அவனிடமிருந்து வேறு யாருக்கும் தொற்றாது. அவனோடு உட்காரலாம், சாப்பிடலாம், அவனைப் பள்ளிக்கு அனுப்பலாம். ஒரே ஒரு கட்டி உள்ளவர்களில் பலருக்கு அது நாளடைவில் கரைந்துவிடும். மருத்துவர் கொடுத்த வலிப்பு மாத்திரையை அவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. இது அபூர்வ நோயும் அல்ல. வேலூர் பகுதியில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணமாக இருந்தது.

இனி, நோய் எப்படிச் சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். வளர்ந்த நாடாப்புழு மனிதக் குடலில்தான் வாழும். சில மீட்டர் நீளம் வளர்ந்து, சில ஆண்டுகள் உயிரோடு இருக்கும். அதன் துண்டுகள் மலத்தோடு வெளியேறும். ஒவ்வொரு துண்டிலும் ஆயிரக்கணக்கான முட்டைகள். திறந்தவெளியில் கிடக்கும் அந்த மலத்தைப் பன்றி தின்றால் அதன் தசையில் பட்டாணி அளவில் நீர்க்கட்டிகள் உண்டாகும். அந்தக் கறியைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிடுபவரின் குடலில் புதிய நாடாப்புழு வளரும். இதுதான் வட்டம்.

பையனுக்கு வந்தது இந்த வட்டத்திலிருந்து பிரியும் ஒரு கிளை. குடலில் புழு உள்ளவரின் மலத்திலுள்ள முட்டை, கழுவாத கை வழியாகவோ தண்ணீர், காய்கறி வழியாகவோ இன்னொருவர் வயிற்றுக்குள் போகிறது. அங்கிருந்து மூளைக்குப் போய்க் கட்டியாகிறது. இந்தக் கிளையில் பன்றி இல்லை. கறி தொடாதவருக்கும் நோய் வருவது இதனால்தான். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பன்றிக்கறியே தொடாத யூதக் குடும்பங்களில் இந்த வலிப்பு கண்டறியப்பட்டது 1992இல் மருத்துவ இதழில் வெளியானது. அங்கே தெருவில் பன்றி கிடையாது. நோயாளி ஒருவரின் வீட்டில் வேலை செய்தவருடைய குடலில் நாடாப்புழு இருந்தது.

ஆகவே, பன்றிகள் போன பிறகும் குடலில் புழு உள்ளவர் ஊரிலேயே இருப்பார். தனக்குப் புழு இருப்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அது உயிரோடு இருக்கும் வரை முட்டை வெளியே வந்துகொண்டிருக்கும். சந்தையிலிருந்து கறி வருவதும் நிற்காது. விரட்டப்பட்ட பன்றிகள் பக்கத்து ஊரில் மேயும். ஒரு குடும்பத்தின் பிழைப்பு போகும், வலிப்பு நிற்காது.

எதைச் செய்தால் நிற்கும் என்பதற்கு அறிஞர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இதைக் கணித மாதிரி என்பார்கள். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் இருப்பதை 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிந்த ரொனால்ட் ராஸ், பின்னாளில் இதே வகைக் கணக்கைத்தான் போட்டார். எல்லாக் கொசுவையும் ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா அடங்கிவிடும் என்று காட்டினார்.

நாடாப்புழுவுக்கு அந்தக் கணக்கு எப்படி என்று பார்க்கலாம். இந்த எண்கள் விளக்கத்துக்காக மட்டும். புழு உள்ள ஒருவரால் 10 பன்றிகளுக்கு நோய் வருகிறது. ஐந்து பன்றிகளின் கறியால் ஒருவருக்குப் புதிதாகப் புழு வருகிறது என்றால், ஒருவரால் இருவருக்கு வரும். 1, 2, 4, 8, 16 என்று ஏறிக்கொண்டே போகும். இப்போது பாதிப் பன்றிகளைக் கொட்டிலில் அடைத்துவிட்டால் 5 பன்றிகளுக்குத்தான் நோய் வரும். ஒருவரால் ஒருவருக்கே வரும். நோய் ஏறாது, இறங்கவும் இறங்காது. அதோடு கறியில் பாதி நன்றாக வெந்ததாக இருந்தால் ஒருவரால் அரை ஆள்தான். 16 பேர் 8 ஆகி, 4 ஆகி, 2 ஆகி இறங்கிவிடும்.

இது கூட்டல் கணக்கு அல்ல, பெருக்கல் கணக்கு. எந்த ஒன்றையும் முழுதாகச் செய்ய முடியாவிட்டாலும், இரண்டு இடத்தில் பாதிப் பாதி செய்தால் நோய் கால் பங்காகிவிடும். கழிப்பறையையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் வேகமாக இறங்கும்.

பெரு நாட்டின் வடக்கே தும்பேஸ் பகுதியில் இப்படித்தான் செய்தார்கள். 107 கிராமங்களில் மக்களுக்குக் குடற்புழு மருந்தும், பன்றிகளுக்கு மருந்தும் தடுப்பூசியும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு பன்றிகளை அறுத்துச் சோதித்தபோது 105 கிராமங்களில் நோய் பரப்பும் கட்டி இல்லை. 2016இல் இந்த முடிவு வெளியானது.

கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. ஒருமுறை செய்துவிட்டு நிறுத்தக் கூடாது. கோரையில் நாலு கிழங்கு மிஞ்சினால் என்ன ஆகும் என்று உழவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பன்றி சில மாதங்களில் விற்பனைக்குப் போய்விடும். புதிதாகப் பிறக்கும் குட்டிக்கு முன்பு போட்ட ஊசியின் பாதுகாப்பு இருக்காது.

முட்டைக்கோஸ் விஷயம். கோஸ் இலைக்குள் இருக்கும் பச்சைப் புழு அந்துப்பூச்சியின் புழு. அது மூளைக்குப் போகாது. நாடாப்புழுவின் முட்டை கண்ணுக்கே தெரியாது. கோஸ் தானாக நோய் தராது. அதன் மேல் மலம் கலந்த நீரோ மண்ணோ பட்டால்தான் ஆபத்து. இந்த முட்டை ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். செப்டிக் டேங்க் லாரிக்காரர் இலவச உரம் என்று சொன்னாலும் காய்கறி, கீரை வயலில் கொட்ட விடக் கூடாது. சாக்கடை நீரைப் பாய்ச்சக் கூடாது. பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, கேரட், வெங்காயத்தாளை நல்ல தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். வேகவைத்தால் முட்டை செத்துவிடும்.

ஊர்க்கூட்டம் மீண்டும் கூடினால் இவற்றைப் பேசலாம்:

1. பையன் வீட்டார், உடன் வேலை செய்பவர்கள், பன்றி வளர்ப்பவர் வீட்டார் என எல்லோரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மலத்தில் நாடா போன்ற வெள்ளைத் துண்டு தெரிந்தவர் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும்.

2. வலிப்பு உள்ளவர் தாமாகக் கடையில் புழு மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது. மூளையில் கட்டி இருந்தால் வீக்கம் அதிகமாகி வலிப்பு கூடலாம்.

3. பன்றிகளைக் கொட்டிலில் அடைத்து வளர்க்க வேண்டும். கொட்டில் போட ஊர் இடம் கொடுத்தால் செலவு குறையும்.

4. ஆக்ஸ்ஃபெண்டசோல் மருந்து பன்றியின் தசையில் உள்ள கட்டியை அழிக்கும். சிஸ்வாக்ஸ் தடுப்பூசி புதிதாக வராமல் தடுக்கும். இது ஐதராபாத்தில் தயாராகிறது. இரண்டையும் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேட்க வேண்டும். மருந்து கொடுத்த பின் அவர் சொல்லும் நாள் வரை கறிக்கு விற்கக் கூடாது.

5. நாக்கின் அடியில் மணி மணியாகக் கட்டி தெரியும் பன்றியைக் கறிக்கு அறுக்கக் கூடாது. மற்றக் கறியையும் உள்ளே சிவப்பு தெரியாத வரை வேகவைக்க வேண்டும்.

6. கழிப்பறையை எல்லோரும் பயன்படுத்த வேண்டும். சமைக்கும் முன்பும், மலம் கழித்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பன்றி வளர்க்கும் குடும்பம் போய்விட்டால் இந்த ஆறில் மூன்றாவதையும் நான்காவதையும் செய்ய ஆள் இருக்காது. அவர்கள் ஊரில் இருந்து, ஊரோடு சேர்ந்து செய்வதே பையனுக்கும் அவனுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்கும் நல்லது.