மருந்து ஏற்றும் கைகள்: பினாங்குத் தாதியர், மருத்துவச்சியர் கொள்கைப் பிரகடனம்

பினாங்கில் தாதியராகவும் மருத்துவச்சியராகவும் பணிபுரியும் நாங்கள் ஜார்ஜ்டவுனில் ஒன்றுகூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். அரசு மருத்துவமனை வார்டுகளில் நிற்பவர்கள், தனியார் மருத்துவமனைகளில் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், செபராங் பிறைக் கிராமங்களில் கிளினிக் டேசா எனும் கிராம மருத்துவ நிலையங்களைத் தாங்குபவர்கள், ஓய்வுபெற்ற சிஸ்டர்கள் என எல்லாரும் எங்களில் உண்டு. டாக்டர் எழுதி, மருந்தாளர் எடுத்துக் கொடுக்கும் மருந்து நோயாளியின் உடம்புக்குள் போவது எங்கள் கையால். எங்களுக்குப் பின்னால் தடுப்பவர் யாரும் இல்லை.

எங்கள் நோக்கம் ஒன்றே. தவிர்த்திருக்கக்கூடிய மருந்துத் தவறால் இந்த மாநிலத்தில் ஒரு தாயோ, பச்சைப் பிள்ளையோ, முதியவரோ கெடக் கூடாது. அதற்கு முதலில் வேண்டியது, தவறு நடந்தால் அதைக் கண்ட தாதி பயப்படாமல் அன்றைக்கே சொல்லக்கூடிய வார்டு. கீழே நாங்கள் கேட்பதும் உறுதி சொல்வதும் இந்த ஒன்றிலிருந்து வருபவை.

பிரசவ அறையிலிருந்து தொடங்குகிறோம். அங்கே ஒரே நேரத்தில், ஒரே அறையில் இரண்டு நோயாளிகள் இருக்கிறார்கள். பிள்ளை வெளியே வந்ததும் ரத்தப்போக்கைத் தடுக்கத் தாயின் தொடையில் சின்டோமெட்ரின் ஊசி. அடுத்த சில நிமிடங்களில் பிள்ளைக்கு வைட்டமின் கே, 1 மில்லிகிராம். இரண்டுமே சின்ன ஆம்பூல். இரண்டையும் முன்கூட்டியே சிரிஞ்சில் ஏற்றி ஒரே தட்டில் வைத்துவிட்டால் என்ன நடக்கும் என்று மருத்துவ இதழ்கள் பல நாடுகளிலிருந்து பதிவு செய்திருக்கின்றன. தாய்க்கான ஊசியில் உள்ள எர்கோமெட்ரின் பிள்ளைக்குப் போய், பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத உயிருக்கு வலிப்பு வந்து, மூச்சு நின்று, இயந்திரத்தில் வைக்க வேண்டியதாயிற்று. அந்த ஊசியைப் போட்டவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் தட்டு ஒன்றாகவே இருக்கும்வரை அந்தத் தவறு அடுத்த ஷிப்டில் வேறொருவர் கைக்காகக் காத்திருக்கும். தாயின் ஊசி போட்டு, அந்த ஆம்பூலும் சிரிஞ்சும் கழிவுப் பெட்டிக்குப் போன பிறகே பிள்ளையின் மருந்தை எடுப்பது, பிள்ளைக்குத் தனித் தட்டு, தனி இடம் வைப்பது, காலில் கட்டிய பெயர்ப்பட்டையைப் பார்த்தபின் ஊசி போடுவது என்ற ஏற்பாட்டுக்கு ஒரு தட்டின் விலைதான் செலவு.

அதே சின்டோமெட்ரின், ரத்த அழுத்தம் கூடிய தாய்க்குப் போனால் அழுத்தம் இன்னும் ஏறி மூளையைத் தாக்கும். அவருக்கு ஆக்சிடோசின் மட்டும் போதும். அழுத்தக் கணக்கு கர்ப்பகாலப் பதிவேடான பிங்க் புத்தகத்தில் ஒவ்வொரு பரிசோதனையின்போதும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் தலை தெரியும் நேரத்தில் வந்து சேரும் தாயின் புத்தகத்தைத் திறந்து பார்க்க அறையில் இன்னொரு கை வேண்டும். அந்த இன்னொரு கையைத்தான் ஆள்பற்றாக்குறை முதலில் எடுத்துக்கொள்கிறது.

மெக்னீசியம் சல்பேட்டைப் பற்றி எந்த மருத்துவச்சியிடமும் கேளுங்கள். ஜன்னி கண்ட தாயைக் காப்பாற்றும் மருந்து அதுதான். அளவு மிஞ்சினால் மூச்சை நிறுத்துவதும் அதுதான். டாக்டர் கிராமில் எழுதுகிறார், நாங்கள் மில்லிலிட்டரில் எடுக்கிறோம். 50 சதவீதக் கரைசலில் 4 கிராம் என்றால் 8 மில்லிலிட்டர். பகலில், உட்கார்ந்து போட்டால் எளிய கணக்கு. அதிகாலை மூன்று மணிக்கு, பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் முக்கிக்கொண்டிருக்கும்போது அது எளிய கணக்காக இருப்பதில்லை. ஆகவே கணக்கைச் சுவரில் ஒட்டச் சொல்கிறோம். முழங்கால் தட்டினால் துள்ளுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, சிறுநீர் இறங்குகிறதா என்று மணிக்கு மணி பார்க்க ஓர் ஆளை ஒதுக்கச் சொல்கிறோம். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் மருந்தகத்தில் இருந்தால் போதாது, கட்டில் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

2006 ஜூலையில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், மேடிசன் நகரில் நடந்ததை இந்த இயக்கத்தில் சேரும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பதினாறு வயதுப் பெண் பிரசவத்துக்கு வந்தாள். ரத்தக்குழாய் வழியாக பெனிசிலின் போக வேண்டிய இடத்தில், முதுகுத்தண்டுப் பக்கம் போக வேண்டிய எபிடூரல் மயக்க மருந்தின் பை மாட்டப்பட்டது. தாய் இறந்தாள். பிள்ளையை அறுவை செய்து எடுத்தார்கள், அது பிழைத்தது. பையை மாட்டிய தாதி அதற்கு முந்தின நாள் அடுத்தடுத்து இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு, மருத்துவமனையிலேயே சில மணி நேரம் தூங்கி எழுந்து வேலைக்கு வந்தவர். எபிடூரல் பையின் குழாய் ரத்தக்குழாய் இணைப்பிலும் தடையில்லாமல் பொருந்தியது. அவர்மேல் கடுங்குற்ற வழக்கு போட்டார்கள், பிறகு அது சிறு குற்றங்களாகக் குறைக்கப்பட்டது. எங்களுக்குத் தெரிய வேண்டியது இது: ஒரு தாதியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதால் அந்தக் குழாயின் வடிவம் மாறியதா? மாறியது வேறு வழியில். வேறெதிலும் பொருந்தாத எபிடூரல் இணைப்புக்கான உலகத் தரம், ஐ.எஸ்.ஓ. 80369-6, 2016இல் வந்தது. பினாங்கின் ஒவ்வொரு பிரசவ அறைக்கும் அந்த இணைப்பைக் கேட்கிறோம்.

டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் 2017இல் மயக்க மருந்துக்குப் பதிலாகத் தசைகளை முடக்கும் மருந்தைக் கொடுத்த தாதி, தவறை உடனே ஒப்புக்கொண்டார். 2022 மார்ச்சில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அவர் பல எச்சரிக்கைகளைக் கடந்து போனார் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தத் தீர்ப்பைக் கேட்ட தாதியர் மனத்தில் பதிந்தது ஒன்றே: ஒப்புக்கொண்டால் ஜெயில். நோயாளிக்கு இதைவிட ஆபத்தான பாடம் இருக்க முடியாது. 2024இல் கென்டக்கி மாநிலம், மருத்துவப் பணியாளரின் தவறுகளைக் குற்ற வழக்கிலிருந்து காக்கும் சட்டம் கொண்டுவந்தது. இதைப் போன்ற பாதுகாப்பை மலேசியச் சட்டத்திலும் கேட்கிறோம். குடித்துவிட்டு வேலைக்கு வருபவர், மருந்தைத் திருடுபவர், தவறை மறைக்கப் பதிவேட்டைத் திருத்துபவர், வேண்டுமென்றே கேடு செய்பவர் ஆகியோருக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டாம். அவர்களுக்காக நாங்கள் வாதாட மாட்டோம்.

தண்டிக்காமல் தவறை விசாரிப்பதெல்லாம் நம் நாட்டில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில், ஏற்கெனவே நடந்திருக்கிறது என்பதே. எங்கள் பாட்டிமார் தோட்டங்களில் பிள்ளை பெற்ற காலத்தில், 1957இல், மலாயாவில் லட்சம் பிரசவத்துக்கு ஏறத்தாழ 280 தாய்மார் இறந்தார்கள். 2010இல் அது 30க்கும் கீழே. கிராமந்தோறும் நின்ற மருத்துவச்சிகள், கர்ப்பிணியின் அட்டையில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஆபத்தைப் பிரித்துக் காட்டிய நிறக் குறியீடு, ரத்த வங்கி, சாலை எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. 1991இல் தொடங்கிய தாய்மரண ரகசிய விசாரணைக்கும் உண்டு. ஒவ்வொரு தாயின் மரணத்தையும் பெயர்களை நீக்கிவிட்டு, யார் செய்தார் என்பதை ஒதுக்கி, எது விட்டுப்போயிற்று என்று கேட்கும் விசாரணை அது. தண்டிக்காமல் விசாரித்தால் உண்மை வரும் என்பதை இந்த நாட்டு மருத்துவச்சிகள் முப்பது ஆண்டுக்கு மேலாகக் கண்கூடாகப் பார்த்தவர்கள். மரணத்துக்குச் செய்ததை மருந்துத் தவறுக்கும் செய்யுங்கள் என்கிறோம்.

சுகாதார அமைச்சு 2009இல் மருந்துத் தவறுகளை அறிவிக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2012 முடிவதற்குள் 17,000க்கும் மேற்பட்ட அறிக்கைகள் வந்தன. மருத்துவமனைகளிலிருந்து வந்தவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் மருந்தாளர்கள் எழுதியவை. மருந்தாளர்களை நாங்கள் வணங்குகிறோம். ஆனால் சிரிஞ்சு கட்டிலை அடையும் அந்தக் கடைசி ஐந்தடியில் நடப்பதைப் பார்ப்பவர்கள் நாங்கள். அங்கிருந்து சத்தமே வரவில்லை என்றால் அங்கே தவறே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். காரணம் கேட்கும் கடிதம் எப்படி எழுதப்படும் என்று எங்களுக்குத் தெரியும். பதவி உயர்வு எப்படித் தள்ளிப்போகும் என்றும் தெரியும்.

அதனால் எழுத்தில் கேட்கிறோம்: நூலிழையில் தப்பிய தவறை அறிவிப்பவர் மீது ஒழுங்கு நடவடிக்கை கிடையாது என்று ஒவ்வொரு மருத்துவமனையும், அரசோ தனியாரோ, கையெழுத்திட்டுச் சுவரில் மாட்ட வேண்டும். அறிக்கை எழுதிய தாதிக்கு அதனால் என்ன மாறியது என்ற பதில் வர வேண்டும். பதில் வராத பெட்டியில் யாரும் இரண்டாவது கடிதம் போடுவதில்லை.

வேலை நேரமும் மருந்துப் பாதுகாப்பும் வேறுவேறு என்று பேசுவதை ஏற்க மாட்டோம். ஷிப்ட் தாதியரின் வாரத்தை 42 மணியிலிருந்து 45 மணியாக்கும் அறிவிப்பு 2024இல் வந்தபோது நாடு முழுக்கத் தாதியர் எதிர்த்தார்கள். அதைச் சம்பளத் தகராறாகப் பார்த்தவர்கள் மேடிசனை நினைக்கட்டும். சோர்வைப் போலவே குறுக்கீடும் ஆபத்துதான்: ஆஸ்திரேலியாவில் 98 தாதியரைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, மருந்து கொடுக்கும்போது வரும் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருத்துவத் தவறு ஏறத்தாழ 13 சதவீதம் கூடியதைக் காட்டியது. மருந்து வண்டியைத் தள்ளும் நேரத்தில் எங்களிடம் தொலைபேசியைக் கொடுக்காதீர்கள். கட்டில் எங்கே காலி என்று கேட்காதீர்கள். உறவினர்களையும் கேட்டுக்கொள்கிறோம்: அந்த அரை மணி நேரம் பொறுத்தால் உங்கள் அம்மாவுக்குத்தான் நல்லது.

இந்தத் தீவுக்கு இயக்கம் புதிதில்லை. 1969இல் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பிறந்தது இங்கே. எஸ்.எம். முகமது இத்ரிஸ் பல பத்தாண்டுகள் அதை நடத்தி, ஆபத்தான மருந்துகளைப் பற்றித் தமிழிலும் மக்களிடம் பேசினார். 1981இல் உலக அளவில் மருந்து நிறுவனங்களைக் கேள்வி கேட்க எழுந்த அமைப்பின் பின்னால் பினாங்கின் அன்வர் ஃபசால் நின்றார். தாய்ப்பாலுக்கான உலகக் கூட்டணி 1991இல் உருவாகி இன்றும் இங்கிருந்தே செயல்படுகிறது. நாட்டின் தேசிய விஷமுறிவு மையம் மிண்டனில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மருந்தைக் கேள்வி கேட்கும் அறிவும் துணிவும் இவ்வளவு அருகில் இருக்க, வார்டுக்குள் நாங்கள் மட்டும் வாய்மூடி நிற்கக் காரணமில்லை.

மொழியையும் சேர்த்தே பேசுகிறோம். சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் ஏழெட்டு மாத்திரை வாங்கிப் போகும் தமிழ்ப் பாட்டிக்கு, பையில் அச்சிட்ட மலாய் அளவுக் குறிப்பு புரியவில்லை என்றால் அந்த மருந்து இன்னும் அவரைச் சேரவில்லை என்றே பொருள். வீட்டுக்கு அனுப்பும் முன், எதை எப்போது சாப்பிடுவீர்கள் என்று அவரையே சொல்லச் சொல்வோம், தமிழில், ஹாக்கியனில், மலாயில். மூட்டுவலிக்கு வாங்கிய மாஜுன் என்னும் நாட்டு மருந்து இருக்கிறதா, பிள்ளை பெற்றவளுக்கு வீட்டில் என்ன மருந்து இடித்துக் கொடுக்கிறார்கள் என்றும் கேட்போம். பதிவில்லாத மாஜுன்களில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை அரசே திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. திட்டாமல் கேட்டால்தான் அவர்கள் சொல்வார்கள்.

எங்கள் பங்குக்கு உறுதி சொல்கிறோம். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு, மெக்னீசியம் போன்ற கடும் மருந்துகளுக்கு, பார்க்காமலே கையெழுத்துப் போடும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றோடு நிறுத்துகிறோம். இரண்டாவது தாதி முதலாமவரின் விடையைப் பார்க்காமல் தானே கணக்குப் போடுவார். யூனிட் என்பதை முழுச் சொல்லாக எழுதச் சொல்வோம், ஏனென்றால் ஒற்றை எழுத்துச் சுருக்கம் பூஜ்யமாகத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகியிருக்கிறது. தொலைபேசியில் வரும் உத்தரவை எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, டாக்டர் ஆமாம் என்ற பிறகே மருந்தை எடுப்போம். ஷிப்ட் மாறும் பாஸ் ஓவர் நேரத்தில் ஓடும் ஒவ்வொரு டிரிப்பையும் இருவருமாகக் கட்டில் பக்கத்தில் நின்று பார்ப்போம். நேற்று சேர்ந்த தாதி, இருபது வருட நிபுணரைப் பார்த்து, டாக்டர், இந்த அளவை இன்னொரு தடவை பாருங்கள் என்று சொன்னால், மூத்தவர்களாகிய நாங்கள் அவள் பக்கத்தில் போய் நிற்போம்.

2017இல் பான் நகரில் உலக சுகாதார நிறுவனம், மருந்தால் வரும் கடுமையான, தவிர்க்கக்கூடிய தீங்கை ஐந்தாண்டில் பாதியாக்குவோம் என்று அறிவித்தது. மருந்துத் தவறுகளால் உலகுக்கு ஆண்டுக்கு 4,200 கோடி அமெரிக்க டாலர் செலவாகிறது என்றும் சொன்னது. அந்த ஐந்தாண்டு என்றோ முடிந்துவிட்டது. அடுத்த அறிவிப்புக்காக நாங்கள் காத்திருக்கப் போவதில்லை.

இந்த இயக்கத்தில் தாதியர், மருத்துவச்சியர், மருந்தாளர், மருத்துவ உதவியாளர், தாதிமைப் பயிற்சி மாணவியர் யாரும் சேரலாம். இனம், மதம், வேலை நிரந்தரமா ஒப்பந்தமா என்ற கேள்வி கிடையாது. கட்டணமும் கிடையாது. பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்பவர் பெயரில்லாமல் சேரலாம். சேருகிறவர் ஒவ்வொருவரும் முதல் கூட்டத்துக்கு, தம் வார்டில் நூலிழையில் தப்பிய ஒரு தவறை, நோயாளியின் பெயரோ தாதியின் பெயரோ மருத்துவமனையின் பெயரோ இல்லாமல், ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துவர வேண்டும். மருந்து எது, நேரம் என்ன, அப்போது வார்டில் எத்தனை பேர் இருந்தார்கள், எது தடுத்தது என்ற நான்கும் அதில் இருக்கட்டும். அந்தப் பக்கங்களிலிருந்தே எங்கள் முதல் ஆண்டு வேலைத்திட்டத்தை வகுப்போம்.